சந்தியோகு அண்ணை வீட்டு வாசலில் ஒரு வரிசை

பிள்ளைகளே, நீங்கள் இந்த வேலைக்கு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். நான் வெளியே வந்துவிட்டேன். தற்கொலைத் தடுப்பு பற்றி உங்களுக்கு நாலு விஷயம் எழுதித் தரும்படி கேட்டார்கள். விளக்கப்படம், அம்புக்குறி, வட்டம், அந்த வட்டத்துக்குள் இன்னொரு வட்டம், இதெல்லாம் பயிற்சியில் தருவார்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் தருவது, எங்கள் சாரதி ஒரு பகலில் நங்கூரத்தைத் தோளில் சுமந்துகொண்டு ஓடி வந்த கதை.

இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்லுகிறேனே என்று என்னோடு கோபிக்க வேண்டாம். அழுகிற இடத்தில் அழுதுவிட்டேன். மிஞ்சியிருப்பது சிரிப்புத்தான்.

யுத்தம் முடிந்து சனம் திரும்பி வந்த காலம் அது. வவுனியாப் பக்கத்து முகாம்களிலிருந்து சிலர், புத்தளத்திலிருந்து சிலர், இந்தியாவிலிருந்து சிலர் என்று மன்னார்க் கரையெங்கும் ஆட்கள் பற்றை வெட்டித் தங்கள் காணியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிறுவனம் தகரம் கொடுக்கும். ஒன்று வாளி கொடுக்கும். இன்னொன்று கோழிக்குஞ்சு கொடுக்கும். நாங்கள் மட்டும் வெறுங்கையோடு போய் இறங்குவோம். எங்கள் வேலை, மனம் நொந்தவர்களுக்குத் துணை நிற்கிற உளவளத்துணை. அதை ஊருக்குள் விளங்கப்படுத்துவதற்குள் எங்களுக்கே உளவளத்துணை தேவைப்படும்.

"நீங்கள் என்ன குடுக்கிறனீங்கள்?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"நாங்கள் ஒண்டும் குடுக்கிறேல்லை அம்மா. உங்களோட கதைக்கத்தான் வந்தனாங்கள்."

"கதையோ? கதை எங்களிட்டையே மிச்சம் கிடக்கு. வேணுமெண்டால் நாங்கள் உங்களுக்குத் தாறம்."

அன்றைக்கு எனக்கு முகம் சுருங்கிப் போனது. பிறகு யோசித்துப் பார்த்தால் அந்த அம்மா எங்கள் வேலையை எங்களைவிடச் சரியாகச் சொல்லியிருக்கிறார். கதையைக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வேலை இல்லை. அவர்கள் தருவதை வாங்குவதுதான் வேலை.

விழிப்புணர்வுக் கூட்டமும் வைத்துப் பார்த்தோம். தீவுப் பக்கம் ஒரு கிராமத்தில், கோயில் முற்றத்தில், துணியில் பெரிய கடதாசி எழுத்துகளை ஒட்டி "தற்கொலையைத் தடுப்போம்" என்று கட்டினோம். அந்த முதற் சொல்லைக் கண்டதும் பெண்கள் திரும்பிப் போனார்கள். ஆண்கள் வேப்பமரத்துக்கு அங்கால் நின்று, இது தங்களுக்கு இல்லை என்பதுபோல வானத்தைப் பார்த்தார்கள். கடைசிவரை கூட்டத்தில் இருந்தவை மன்னார்க் கழுதைகள்தான். எழுத்து ஒட்டியது கோதுமை மாப் பசையில். நான் பேசப் பேச ஒரு கழுதை பின்னால் நின்று "தடுப்போம்" என்பதை ஆறுதலாகத் தின்று முடித்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் வந்து, "மிஸ், குசினி அடுப்புக்கு மேல ஒழுகுது, அந்தத் துணியைத் தாங்கோவன்" என்றாள். மிச்சச் சொல் வெளியே தெரியாமல் மடித்துப் போடும்படி கெஞ்சிக் கேட்டுத்தான் கொடுத்தேன்.

அதன் பிறகு பதாகை கட்டுவதை விட்டுவிட்டு வீடு வீடாகப் போகத் தொடங்கினோம்.

எங்கள் சாரதி நிசாம், முசலிப் பக்கத்து ஆள். அவருடைய குடும்பமும் அப்போதுதான் புத்தளத்திலிருந்து திரும்பியிருந்தது. எந்தச் சேற்றிலும் வாகனத்தை ஓட்டிவிடுவார். வாயை மட்டும் அவரால் நிறுத்த முடியாது. நாங்கள் இரண்டு பேரும்தான் இலுப்பைக்கடவைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போவோம்.

அந்த நாட்களில் சனத்துக்கு வரிசை என்பது மூச்சு விடுவதுபோல. ஒரு வாகனம் மரநிழலில் நின்றால் போதும், பின்னால் வரிசை வந்துவிடும். ஒருமுறை ரயர் காற்றுப் போய் நாங்கள் நடுவழியில் நின்றபோது ஒரு ஐயா வந்து முதல் ஆளாக நின்றார். அவருக்குப் பின்னால் அரைவாசி ஊர்.

"என்ன குடுக்கப் போறியள்?"

"ஒண்டுமில்லை ஐயா. ரயர் மாத்துறம்."

"பரவாயில்லை, நிக்கிறம்."

நின்றார்கள்தான். ரயர் மாற்றி முடியும்வரை ஒருவரும் அசையவில்லை. கடைசியில் நிசாம் கூச்சப்பட்டுத் தன் பிஸ்கற் பெட்டியைப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

அப்படிப்பட்ட ஒரு காலத்தில்தான் ஒருநாள் நாங்கள் அந்தப் பக்கத்துக் கரையோரக் கிராமம் ஒன்றுக்குப் போனபோது, ஒரு வீட்டு வேலியோரம் நீளமாக வரிசை நின்றது.

"மிஸ், நமக்கு முன்னமே ஆரோ வந்துட்டாங்க," என்றார் நிசாம். "என்ன குடுக்கிறாங்க எண்டு பாத்திட்டு வாறன்." போனவர் போனவர்தான். நான் வாகனத்துக்குள் வெந்துகொண்டிருந்தேன். கடைசியில் வந்தார், நான் சொன்ன கோலத்தில். தோளில் இரும்பு நங்கூரம், முகமெல்லாம் பல்.

"நிசாம், உங்களுக்கு வள்ளம் இருக்கோ?"

"இல்லை மிஸ்."

"கடலுக்குப் போறனீங்களோ?"

"எனக்கு நீந்தவே தெரியாது மிஸ்."

"பிறகு இது என்னத்துக்கு?"

"லைன்ல நிண்டன். என்ட முறை வந்துது. தந்தார். வேணாமெண்டு சொன்னா அவர் மனம் நோகும்தானே?"

"ஆர் தந்தது? எந்த நிறுவனம்?"

"நிறுவனம் ஒண்டுமில்லை மிஸ். சந்தியோகு அண்ணைதான். அவர்ட சாமானையெல்லாம் அவரே குடுக்கிறார்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

சந்தியோகு அண்ணையை எனக்குத் தெரியும். கடற்றொழிலாளி. இந்தியாவில் முகாமில் இருந்து தனியாகத் திரும்பி வந்தவர். மனைவியை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார். ஒரே மகள் அங்கே கல்யாணம் முடித்து அங்கேயே இருந்துவிட்டாள். ஊருக்கு வந்ததும் அவர் முதலில் வாங்கியது அந்த நங்கூரத்தைத்தான். வள்ளம் இல்லை. வள்ளம் எப்படியும் ஒருநாள் வரும், வந்தால் நங்கூரம் வேண்டுமே என்று முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்த மனிதர் நங்கூரத்தை நீந்தத் தெரியாத ஒரு சாரதிக்குக் கொடுத்திருக்கிறார்.

ஓடினேன். வாசலில் ஞானம்மா நின்று வரிசையை நடத்திக்கொண்டிருந்தாள். மாதர் சங்கத் தலைவி. ஊரில் யார் வீட்டில் என்ன கறி என்பதும் அவளுக்குத் தெரியும், அதில் உப்புக் கூடவா குறைவா என்பதும் தெரியும். கக்கத்தில் ஏற்கெனவே சந்தியோகு அண்ணையின் றேடியோ.

"ஒரு வீட்டுக்கு ஒரு ஆள்! புருசனும் பொஞ்சாதியும் தனித்தனியா நிக்கக்கூடாது! மிஸ், நீங்களும் லைனில வாங்கோ!"

முன்னால் ஒரு தாத்தா கதிரை ஒன்றில் இருந்தபடி காத்திருந்தார். அந்தக் கதிரையும் சற்றுமுன் அவருக்குக் கிடைத்ததுதான். இரண்டாவது முறைக்கு நிற்கக்கூடாது என்று ஞானம்மா அதட்ட, "நான் எங்க நிக்கிறன்? இருக்கிறன்தானே?" என்று அவர் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: "தங்கமான மனுசன்." "மனம் நிறைஞ்சு குடுக்கிறார்."

பிள்ளைகளே, அந்தச் சனத்தைப் பேராசை பிடித்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வரிசையில் நின்றதால்தான் அவர்கள் உயிரோடு இருந்தார்கள். சோற்றுக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை, பதிவுக்கு வரிசை. கொடுக்கிறவர் யார், ஏன் கொடுக்கிறார் என்று கேட்டவர்களுக்கு அந்த வரிசைகளில் ஏச்சுத்தான் கிடைத்தது. கேட்காமல் வாங்கப் பழகிப்போனார்கள். நாங்கள்தான் பழக்கினோம்.

நான் சந்தியோகு அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ மாதமாக இருண்டு கிடந்த முகம் அன்றைக்குத் தெளிந்திருந்தது. அமைதியாக ஒரு கிழவிக்கு அரிக்கன் லாம்பை எடுத்துக் கொடுத்தார். அந்த அமைதியைக் கண்டுதான் நான் வரிசையை விலக்கிக்கொண்டு அவருக்குக் கிட்டப் போனேன். நீண்ட நாள் துவண்டு கிடந்த ஒருவர் திடீரென்று ஆறுதலாகி, தனக்கு ஆசையான பொருட்களை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினால், தயவுசெய்து "நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நின்று பாருங்கள்.

"அண்ணை, ஏன் எல்லாத்தையும் குடுக்கிறியள்?"

"எனக்கு இனி என்னத்துக்கு மிஸ்?" என்றார்.

முதலில் அந்த வரிசையைக் கலைக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் அவரின் மானம் போய்விடும், பொய் சொன்னால் ஞானம்மா பிடித்துவிடுவாள். நான் விழித்துக்கொண்டு நிற்கையில் பின்னாலிருந்து நிசாம் கையைத் தட்டி, சத்தமாக அறிவித்தார்.

"சாமான் முடிஞ்சுது! மிச்ச ஆக்களுக்குப் பிறகு அறிவிப்பம்!"

ஒரு முணுமுணுப்புக் கூட இல்லை. எல்லோரும் திரும்பி நடந்தார்கள். எத்தனையோ வருடமாகக் கேட்டுக் கேட்டு ஊறிய வசனம் அல்லவா? இன்னும் சாமான் அங்கே கண்முன்னே இருந்தது. அதைக் கூட ஒருவரும் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் போனோம். இருக்கக் கதிரை இல்லை. அவை ஊருக்குள் போய்விட்டன. மூன்று பேரும் நிலத்தில் இருந்தோம். படித்தது ஒன்றும் மண்டைக்குள் இல்லை. ஒன்றே ஒன்றுதான் நினைவிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரி மனநல டொக்ரர் எப்போதும் சொல்லுவார்: "சுத்தி வளைக்காதேயும். நேர கேளும். கேட்டிட்டு வாயைப் பொத்தும்."

"அண்ணை, செத்துப்போகவேணும் எண்டு யோசிக்கிறியளோ?"

கேட்டுவிட்டு வாயைப் பொத்தினேன். உலகத்திலேயே கஷ்டமான வேலை அதுதான். அந்த மௌனத்தில் எனக்கு அறிவுரை அறிவுரையாக வருகிறது. பக்கத்தில் நிசாமுக்கும் வந்துவிட்டது. "அண்ணே, வாழ்க்கை எண்டுறது..." என்று தொடங்கினார். நான் அவருடைய தொடையில் நுள்ளிய நுள்ளில் வாழ்க்கை அந்த இடத்திலேயே நின்றது.

"ஓம்," என்றார் சந்தியோகு அண்ணை.

பிறகு அழுதார். அழுது முடியும்வரை நாங்கள் இருந்தோம்.

"விடியத்தொடக்கம் ஊரே வந்து போகுது மிஸ். எல்லாரும் சாமானைப் பாத்தினம். ஒருத்தரும் இப்பிடிக் கேக்கேல்லை. அங்க முகாமில இருக்கேக்க, ஊருக்குப் போனால் எல்லாம் சரியாகும் எண்டு நினைச்சுத்தான் உயிரை வைச்சிருந்தனான். வந்தன். ஊர் இருக்குது. சாப்பிட்டியோ எண்டு கேக்க ஆளில்லை."

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாம் உண்டாக்கிவிடுவோம் என்று பயப்படுகிறீர்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அன்றைக்கு நான் கண்டது, நெஞ்சில் கிடந்த ஒரு பாறாங்கல்லை ஒருவர் இறக்கி வைப்பதைத்தான். எப்போது, எப்படி என்று யோசித்திருக்கிறார் என்பதையும் கேட்டேன். அதையும் நேராகத்தான் கேட்க வேண்டும். அவர் சொன்னதை இங்கே எழுதத் தேவையில்லை. வீட்டில் வைத்திருக்கக்கூடாதது எதுவோ அதை அவரிடம் கேட்டே எடுத்து, நிசாம் வாகனத்துக்குள் பூட்டினார்.

டொக்ரருக்குப் போன் எடுக்க வேண்டும். அந்த ஊரில் சிக்னல் கிடைப்பது வாகனத்தின் கூரையில் ஏறி நின்றால் மட்டும். ஆனால் கூரையில் நின்று கத்தினால் ஊருக்கே கேட்கும். அவரைத் தனியே விடவும் கூடாது. "அண்ணை, வாங்கோ, நான் ஏறுறன், விழாமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்று அவரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். சாகப் போகிறேன் என்று சற்றுமுன் சொன்ன மனிதர், என் செருப்பை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, மற்றக் கையை ஏந்தியபடி நின்று, "கவனம் மிஸ், விழுந்து கிழுந்து போகாதேங்கோ" என்று என்னைக் காத்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குக் கேட்காமல் இருக்க நிசாம் ஒரு வழி கண்டுபிடித்தார். ஹோர்னை அமத்திப் பிடித்துக்கொண்டார். ஊருக்குக் கேட்கவில்லை. டொக்ரருக்கும் கேட்கவில்லை.

"என்ன சத்தம் அது? கலியாண வீடோ?"

நான் கீழே குனிந்து, நிறுத்து என்று கையைக் காட்டினேன். இன்னும் பலமாக அமத்தச் சொல்கிறேன் என்று நிசாம் விளங்கிக்கொண்டார். ஒலி வானத்தைப் பிளந்தது. கடைசியில் நான் எப்படியோ விஷயத்தைச் சொல்லி முடிக்க, டொக்ரர் கத்தியது எனக்கு மட்டுமில்லை, கீழே நின்ற சந்தியோகு அண்ணைக்கே கேட்டது.

"தனிய விடாதேயும்! இண்டைக்கே கூட்டிக்கொண்டு வாரும்!"

சந்தியோகு அண்ணை தலையாட்டினார். ஆனால் வாகனத்தில் ஏறமாட்டேன் என்றார்.

"உங்கட வாகனத்தில ஏறினால் சந்தியோகுக்கு விசர் பிடிச்சிட்டுது, பைத்தியம் எண்டு ஊர் சொல்லும். நான் வாறன் மிஸ். ஆனால் இதில ஏறமாட்டன்."

நியாயமான பேச்சு. எங்கள் வாகனத்தின் கதவில் இரண்டு கை ஒரு இதயத்தைத் தாங்குகிற படம். ஊரில் எல்லோருக்கும் தெரியும் அது யாரை ஏற்றுகிற வாகனம் என்று. வேறு வாகனம் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணை, இந்த ஊரில உங்களுக்குத் துணையா ஒரு ஆளிட்டச் சொல்ல வேணும். ஆரிட்டச் சொல்லலாம்? நீங்கள் சொன்னால்தான் சொல்லுவன்."

யோசித்தார். "ஞானம்மாட்டச் சொல்லுங்கோ."

"ஏன் ஞானம்மா?"

"எப்பிடியும் அவளுக்குத் தெரியவரும் மிஸ். முதலே சொன்னால் கோவிக்கமாட்டாள்."

ஞானம்மாவைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. ஹோர்ன் சத்தத்துக்கு அவளே படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். கையில் அந்த றேடியோ. "சந்தியோகு, இது வேலை செய்யுதில்லை, கரகரக்குது. நல்லதொண்டு தா!" அவளை உள்ளே கூட்டிப் போய், சந்தியோகு அண்ணையின் முன்னால் வைத்துத்தான் சொன்னேன். அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அந்த வாய் சும்மா இருந்ததை நான் முதன்முதலாகக் கண்டேன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பிறகு வாய் திரும்பி வந்துவிட்டது.

"நான் வாசலில நிண்டு லைன் பிடிச்சுக் குடுத்தனே! ஐயோ மாதாவே, நான் லைன் பிடிச்சுக் குடுத்தனே! டேய் சந்தியோகு, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதோடா? சாமானைத் தாறாய், சொல்லைத் தரமாட்டியோ?"

அவருடைய உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பென்று சத்தியம் செய்யமாட்டேன்.

வாகனப் பிரச்சினையை அவளிடம் சொன்னேன். மூக்கைச் சீறிவிட்டு எழும்பினாள். மூலையில் கிடந்த ஒரு பையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். நெஞ்சில் கையை வைத்தாள். "ஐயோ! எனக்குப் பிரஷர் ஏறுது! தலை சுத்துது!" என்று ஒரு கூக்குரல். பள்ளிக்கூட நாடகத்தில் நடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள், அப்படியொரு நடிப்பு. ஊர் கூடிவிட்டது. "மிஸ் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறா. என்ர மனுசன் கடலில. சந்தியோகு, நீ துணைக்கு வா. இந்தப் பையைத் தூக்கு!"

சந்தியோகு அண்ணை பையைத் தூக்கிக்கொண்டு, ஊரே பார்த்திருக்க, கௌரவமாக எங்கள் வாகனத்தில் ஏறினார். ஒரு கண்ணும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் ஞானம்மாவில். அவள் வழிநெடுக முனகிக்கொண்டே வந்தாள். கிராமம் மறைந்த பிறகும் முனகல் நிற்கவில்லை. இனிப் போதும் என்று நான் சொன்னேன். நிசாமின் ஓட்டத்தால் தனக்கு உண்மையிலேயே தலை சுற்றுகிறது என்றாள். ஆஸ்பத்திரியில் அளந்து பார்த்தால் அவளுக்கு நிஜமாகவே பிரஷர். அதற்கும் மருந்து கொடுத்தார்கள்.

சந்தியோகு அண்ணையை டொக்ரர் ஆஸ்பத்திரி வாட்டில் வைத்துக்கொண்டார். ஞானம்மா ஊருக்குத் திரும்பிய கையோடு வீடு வீடாகப் போய், சந்தியோகு தந்த சாமான் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அறிவித்துவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "எல்லாம் பழுதுச் சாமான். மாத்தித் தருவினமாம்" என்றாள். அதுவும் சனத்துக்குப் பழகிய வசனம்தான்.

அவர் வீட்டுக்கு வந்த அன்று மறுபடியும் வாசலில் வரிசை. இந்தமுறை எல்லோர் கையிலும் சாமான், எல்லோர் வாயிலும் முறைப்பாடு. கதிரை ஆடுதாம். அரிக்கன் லாம்பு புகைக்குதாம். ஒருவர் வலையை விரித்துக் காட்டி, இதில் மீனைவிட ஓட்டைதான் கூட என்றார். வரிசையின் கடைசியில் நங்கூரத்தோடு நிசாம் நின்றார். சந்தியோகு அண்ணை கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழும்பினார்.

"ஓசியில வாங்கின சாமானுக்குக் குறை சொல்லுறியளோ? அந்த வலையைப் பின்னினது என்ர கை! கொண்டுவாங்கோ இஞ்ச, எங்க ஓட்டை எண்டு காட்டுங்கோ பாப்பம்!"

வலையைப் பறித்தெடுத்து மடியில் போட்டுக்கொண்டு முற்றத்தில் இருந்தார். அந்தக் கோபத்தைப் பார்த்து நானும் ஞானம்மாவும் வேலிக்குப் பின்னால் நின்று கையைப் பிடித்துக்கொண்டோம். அதன் பிறகு வரிசையில் வந்தவர்கள் போகவேயில்லை. அவர் வலை பின்னுவதைப் பார்க்கிறோம் என்று இருந்தார்கள். ஒருத்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் உங்களை ஏமாற்றுவேன். சரியாகவில்லை. கதவைத் திறக்காத நாட்கள் அவருக்கு இருந்தன. டொக்ரர் தந்த குளிசையை நிறுத்திவிட்டு, திரும்பத் தொடங்கிய நாட்கள் இருந்தன. ஞானம்மா கறிச்சட்டியோடு போய்க் கதவைத் தட்டி, "சாப்பிட்டியோ, இல்லையோ? இல்லையெண்டால் திற, ஓமெண்டாலும் திற" என்பாள். நாங்கள் மகளோடு பேசி, ஞாயிறுதோறும் அவள் போன் எடுக்க வைத்தோம். அவர் எங்கள் வாகனத்தின் கூரையில் ஏறி நின்று பேரப்பிள்ளையோடு கத்திக் கதைப்பார். நிசாம் ஹோர்ன் அடிக்க வேண்டும் என்று ஆசைப்படுவார். நான் வாகனத்தின் திறப்பைப் பிடுங்கி வைத்துவிடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் நேரத்துக்குப் போய்ச் சேராத வீடுகளும் உண்டு. அந்த வீடுகளைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு வீடு வரும். வந்தால், அதைத் தனியே சுமந்து திரியாதீர்கள். உங்களைக் கேட்கவும் ஒரு ஆள் வேண்டும். என்னை நிசாம் கேட்டார். வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், வாகனத்தை ஓரங்கட்டிவிட்டு, "மிஸ், உங்களுக்குத் தாங்க ஏலுமா?" என்று மட்டும் கேட்டார். நான் நுள்ளிய நுள்ளு வீண்போகவில்லை.

மாரி தொடங்கிய பிறகு ஒருநாள் சந்தியோகு அண்ணையைப் பார்க்கப் போனேன். வாகனத்தை வேறு திட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பஸ்ஸில்தான் போனேன். கதைத்துவிட்டு வெளிக்கிடும்போது மழை பிடித்துக்கொண்டது. ஊற்றித் தள்ளுகிறது. சுவரில் ஒரு புதுக் குடை தொங்கியது, கறுப்பு, வளைந்த கைபிடி.

"அண்ணை, அந்தக் குடையை ஒருக்காத் தாங்கோ. பஸ் தரிப்பு மட்டும்தான்."

"தர ஏலாது மிஸ்."

எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாகிவிட்டது. "என்ன அண்ணை, பஸ்காரரிட்டக் குடுத்து விடுறன்."

"பஸ்காரன் தரமாட்டான். நாளைக்கு நான் மடு மாதா கோயிலுக்குப் போறன் மிஸ். எனக்குக் குடை வேணும்."

"இப்பிடிக் கொட்டுற மழையில என்னை நனைய விடுறியளோ?"

"வேணுமெண்டால் மழை விடுமட்டும் இருங்கோ. தேத்தண்ணி ஊத்துறன். குடை தரமாட்டன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழைக்குள் இறங்கினால் தெரியாது என்று, தேத்தண்ணிக்கு நிற்காமல் இறங்கிவிட்டேன். பஸ் தரிப்பு மட்டும் தொப்பலாக நனைந்துகொண்டு நடந்தேன். பின்னாலிருந்து அவர் வாசலில் நின்று, "விசர் மிஸ்! தலையையாவது மூடுங்கோ!" என்று கத்திக்கொண்டிருந்தார்.